மூணாவது பூ

இல்லீங்க, செருப்பு தொலைஞ்சு போகலீங்க. எல்லாரும் அப்படித்தான் கேக்கறாங்க. ஏறும்போது நெருக்கத்துல கழண்டு விழுந்துருச்சாம்மான்னு கண்டக்டரு கூடக் கேட்டாரு. இந்தா, மடியில இருக்குது பாருங்க, கவருக்குள்ள. புத்தம் புதுசு. இன்னும் மண்ணுல படலீங்க.

உக்காருங்க, நல்லா சாஞ்சு உக்காருங்க. நான் சன்னலோரம் ஒடுங்கிக்கறேன். இந்தக் காலு மேல மட்டும் பட்டுறாமப் பாத்துக்கங்க, கட்டுப் போட்டிருக்குது. நீங்க ஏறும்போதே பாத்தேனுங்க, உங்க செருப்புல வாரு அந்து ஊக்கு மாட்டியிருக்கறீங்க. ஈரோடு போயித் தெச்சுக்கலாம்னு இருக்கறீங்களாக்கும். ஊக்கு பாத்துங்க, குத்திறப் போகுது. எனக்குச் சக்கரை வந்ததுல இருந்து யாரப் பாத்தாலும் மூஞ்சிக்கு முன்னால காலுதான் கண்ணுல படுது.

நான் கோபியிலிருந்து வர்றேனுங்க. ஈரோட்டுல எறங்கித் திருச்செங்கோடு பஸ் மாறோணும். எங்கூரு அதுக்கும் அந்தண்ட. கோபியில எங்க நங்கையா ஊடு இருக்குது, எங்கூட்டுக்காரரு கூடப் பொறந்த அக்கா. என்ற பொண்ணு கனிஷ்கா அங்கதான் இருக்கறா. ப்ளஸ் டூ படிக்கறா. ஒரே பொண்ணு. அவளக் கூட்டிட்டு வரலாம்னுதான் இன்னைக்கு வெடியால கெளம்பிப் போனேனுங்க. இந்த சீட்டு காலியா இருந்ததுல இருந்தே தெரிஞ்சிருக்குமே, கூட்டிட்டு வரல.

ஏன்னு கேக்க மாட்டீங்க, நல்லவங்க மாதிரித் தெரியுது. நானே சொல்லிருறேன்.

எங்கூட்டுக்காரரு போர்வண்டிக்குப் போறவருங்க. எங்க பக்கம் பாதி ஆம்பளைங்க அப்படித்தான். போர் போடற வண்டியில ஏறினா ஒடிசா, மத்தியப் பிரதேசம்னு போயிருவாங்க. மழைக்காலம் வந்தாத்தான் ஊட்டு நெனப்பு. அப்போ புள்ளைய வளக்கறது யாரு? நாந்தான். நல்லா வந்தா அவரு புள்ளை, கெட்டுப்போனா நான் வளத்த புள்ளை. ஊரு அப்படித்தானுங்களே பேசும்.

ஒண்ணு மட்டும் மொதல்லயே சொல்லிருறேனுங்க. அவளப் பெத்த நாள்ல இருந்து ஒரு கடுஞ்சொல்லு சொன்னதில்ல. கை ஓங்கினதில்ல. எங்க வீதியில யாருகிட்ட வேணும்னாலும் போயித் துளசிமணின்னு பேரச் சொல்லிக் கேட்டுப் பாருங்க. அந்த வீதியில வெளக்குமாத்தால அடி வாங்காத ஒரே புள்ளை என்ற புள்ளைதான்.

அவ மூணாவது படிக்கும்போது ஒண்ணு நடந்துதுங்க. என்ற தம்பிக்குக் கல்யாணம் வெச்சிருந்தாங்க. பொண்ணுக்குச் சேலை எடுக்க ஈரோடு போகோணும்னு எல்லாரும் கெளம்பினாங்க, நானும் ஆசைப்பட்டுக் கெளம்பிட்டேன். ஊட்டுலயே கெடக்கறவளுக்குக் கடைக்குப் போறதுன்னா திருவிழா மாதிரிதான். புள்ளைய பக்கத்தூட்டுல விட்டுட்டுப் போனேன். கடையில எனக்கும் ஒரு சேலை எடுத்தேனுங்க. மாம்பழக் கலரு. அத மேல போட்டுக் கண்ணாடியில பாத்துட்டு நிக்கறேன், போன் வருது. கொய்யா மரத்துல ஏறி விழுந்துட்டா, தோளுக்கிட்டக் காறையெலும்பு ஒடஞ்சு போச்சுன்னு.

அவருக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அவரு கத்தலீங்க, திட்டலீங்க. "நீ எங்க போயிருந்தே?"ன்னு மட்டும் கேட்டாரு. அவ்வளவுதான். எப்படி விழுந்தா, எந்த ஆஸ்பத்திரி, அதெல்லாம் அப்பறம் கேட்டாரு. மொதல்ல கேட்டது இதுதான். அவரு இப்போ அத மறந்திருப்பாரு. நான் எப்படிங்க மறக்கறது? அந்தச் சேலைய இன்னும் மடிப்புக் கலைக்கல.

அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்லயே நின்னு ஆத்தாளுக்கு வேண்டிக்கிட்டேன். எங்கூரு மாரியாத்தா. புள்ளைக்குக் கை நல்லாத் தூக்க வரோணும், பங்குனியில பூவோடு எடுக்கறேன் தாயேன்னு. பூவோடு தெரியுமில்லீங்க, நெருப்புச் சட்டிய வெறுங்கையில ஏந்திக்கிட்டுக் கோயிலச் சுத்தறது. எடுத்தேன். கையும் நல்லாயிருச்சு. டாக்டரு எலும்பு தானாக் கூடிக்கும்னுதான் சொன்னாரு. அவருக்கு என்னங்க தெரியும்.

அன்னையில இருந்து ஒரு கணக்கு புரிஞ்சு போச்சுங்க. நான் சொகமா இருந்தா அவளுக்கு ஆகாது. நான் கஷ்டப்பட்டா அவ நல்லா இருப்பா. இதுல என்ன தப்பு சொல்லுங்க? பெத்தவதானே படோணும்.

அதுக்கப்பறம் அவளுக்கு ஒண்ணுன்னா நான் ஒண்ணை விட்டுருவேன். ஆறாவதுல கணக்குல மார்க் கொறஞ்சுது. திட்டல. உப்பு விட்டேன். அடுத்த பரீட்சை வரைக்கும் உப்பில்லாத சோறுதான். ஏழாவதுல ஒரு பொய் சொன்னா, டியூசனுக்குப் போறேன்னுட்டுத் தோழி ஊட்டுல டிவி பாத்துட்டு வந்திருக்கறா. ஒரு வார்த்தை கேக்கல. டீ குடிக்கறத விட்டேன். டீ இல்லைன்னா எனக்கு மண்டை பொளந்து போகுமுங்க, அதனாலதான் அத விட்டேன். ஒம்பதாவதுல ஸ்கூல்ல மயக்கம் போட்டு விழுந்துட்டா, ரத்தம் கொறைவுன்னாங்க. அவளுக்குப் பேரீச்சம்பழமும் ஈரலும் வாங்கிப் போட்டுட்டு நான் தலகாணிய விட்டேன். சிரிக்காதீங்க. தலகாணி இல்லாமப் படுத்துப் பாருங்க தெரியும்.

அவளுக்குத் தெரிஞ்சிருமுங்க. நான் சொல்ல மாட்டேன், ஆனா என்ற டம்ளரு காலியாக் கெடந்தாலே கண்டுபுடிச்சிருவா. வந்து பக்கத்துல உக்காந்து, "அம்மா, இது எதுக்கும்மா? நான் என்னம்மா பண்ணுனேன்?"னு கேப்பா. ஒண்ணுமில்ல கண்ணு, நீ படின்னு சொல்லுவேன். விட மாட்டா. அவளே யோசிச்சு யோசிச்சு ஒவ்வொண்ணாச் சொல்லுவா. தோழிகிட்டச் சண்டை போட்டேனே அதுக்கா? சாப்பாட்ட மிச்சம் வெச்சனே அதுக்கா? எனக்குத் தெரியாததெல்லாங்கூட அப்படித்தான் தெரிய வரும். அழுவா. "நான் இனிமே பண்ண மாட்டேன், நீ சோறு திங்கும்மா"ம்பா. ஒரு தடவ நான் டீ விட்டிருந்தப்போ அவ பால் குடிக்கறத விட்டுட்டா. நானும் விட்டுட்டேன்னு டம்ளரக் கொண்டாந்து என்ற டம்ளருக்குப் பக்கத்துல கவுத்தி வெச்சா. எத்தனை பாசம் பாருங்க. பக்கத்தூட்டுக்காரி கூடச் சொன்னா, உன்ற புள்ளை மாதிரி வருமான்னு.

பத்தாவதுல இருந்துதான் மாறிட்டா. நல்லாப் பேசிட்டிருந்த புள்ளை, எதக் கேட்டாலும் "ஒண்ணுமில்ல." ஸ்கூல்ல என்ன நடந்துச்சு? ஒண்ணுமில்ல. மூஞ்சி ஏன் வாடிக் கெடக்குது? ஒண்ணுமில்ல. வயித்து வலியா? ஒண்ணுமில்லம்மா. காய்ச்சல்ல உடம்பு கொதிக்குது, தொட்டுப் பாத்தா கையத் தட்டி விட்டுட்டு ஒண்ணுமில்லங்கறா. என்னமோ பண்ணிட்டாங்க என்ற புள்ளைய. பள்ளிக்கூடத்துல இருந்து ஒரு பையன் கூடப் பேசிட்டு வந்தத நானே கண்ணால பாத்தேன், ரெண்டு பேரும் சைக்கிள உருட்டிக்கிட்டுச் சிரிச்சுட்டு வர்றாங்க. என்னையப் பாத்ததும் அவ சிரிப்பு நின்னு போச்சு. பையன் யாருன்னு நான் கேக்கவே இல்லீங்க. அவதான் பின்னாலயே ஓடியாந்தா, "அம்மா, அவன் சும்மா கூடப் படிக்கறவன், ஒண்ணுமில்லம்மா, நீ எதையும் விட்டுறாத"ன்னு.

எனக்குச் சந்தேகம் வந்துருச்சு. ஒண்ணுமில்லாத விசயத்துக்கு எதுக்குங்க அப்படிப் பதறோணும்?

அவ மனசுல என்ன இருக்குதுன்னு தெரிஞ்சா அதுக்குத் தகுந்தாப்புல வேண்டிக்கலாம். தெரியாததுக்கு என்னத்த விடறது? ரொம்ப ரோசனை பண்ணினேன். எல்லாத்துக்கும் சேத்துப் பெருசா ஒண்ணு விட்டுருவோம்னு செருப்ப விட்டேன். வெள்ளிக்கெழமை கோயிலுக்குப் போனவ, வாசல்ல கழட்டின செருப்ப அப்படியே விட்டுட்டு வந்துட்டேன். இதுல ஒரு தப்புப் பண்ணிட்டேனுங்க. வேண்டுதல்னா கெடு சொல்லோணும். இத்தனை மாசம், இல்ல இன்ன காரியம் நடக்கற வரைக்கும்னு. நான் கெடு சொல்லல. எதுன்னு சொல்றது? புள்ளைக்கு ஆபத்து இன்ன தேதியோட முடியுதுன்னு எந்தத் தாய்க்குங்க தெரியும்?

கவுந்தப்பாடி வந்துருச்சுங்களா? இங்கெ கூட்டம் ஏறினா நிக்கக்கூட எடம் இருக்காது. காலு மேல பட்டுறப் போறாங்க. அந்தப் பையக் கொஞ்சம் இப்படி வைங்க. ஆமாங்க. புண்ணியமாப் போகும்.

அப்போ எனக்குச் சக்கரை இருக்கறதே தெரியாதுங்க. புரட்டாசி வெய்யில்ல காட்டுப் பக்கம் போனேன், வேல முள்ளு ஏறியிருக்குது. ஏறினதே தெரியல. நாலஞ்சு நாளு கழிச்சுக் காலு வீங்கித் தண்ணி கோத்துருச்சு. கனிதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா. சுண்டுவெரல் கருத்துப் போச்சு, எடுக்கோணும்னுட்டாங்க. எடுத்தாச்சு. அவ ப்ளஸ் ஒன் அப்போ. அவங்கப்பன் போன்ல கேட்டாரு, "ஊட்டுல நீ இருந்துட்டே எப்படி விட்டே?"ன்னு. இந்தத் தடவ என்னையக் கேக்கல. அவளக் கேட்டாரு.

பெரிய டாக்டரும் அவளப் பாத்துத்தான் சொன்னாரு. அம்மா செருப்பில்லாம ஒரு அடி வெக்கக் கூடாது, அது உன்ற பொறுப்பு பாப்பான்னு. அவ தலையத் தலைய ஆட்டினா. ஊட்டுக்கு வந்து சொன்னேன், கண்ணு, அது ஆத்தாளுக்குச் சொன்ன வாக்கு, டாக்டருக்குத் தெரியாது, நீ வெசனப்படாதே. உனக்காகத்தானே, எனக்கொண்ணும் வலிக்கலைன்னேன். நெஜமாவே வலிக்காதுங்க, சக்கரைக் காலுல ஒண்ணும் தெரியாது.

வெடியால எந்திரிச்சு கட்டுப் பிரிச்சு, கழுவி, மருந்து வெச்சு மறுபடி கட்டிட்டுத்தான் ஸ்கூலுக்குப் போவா. மூக்கச் சுளிச்சதில்ல. கூடப் படிக்கறவங்க எல்லாம் டூர் போனாங்க, மைசூருக்கு. போயிட்டு வா கண்ணுன்னு நான்தான் சொன்னேன். நீ திரும்பி வர்ற வரைக்கும் பச்சைத்தண்ணி பல்லுல படாம உனக்காக வேண்டிக்கிட்டு இருப்பேன், நீ சந்தோசமாப் போயிட்டு வான்னு. போகலைன்னுட்டா. நான் தடுக்கவே இல்லீங்க. அவளா வேண்டாம்னுட்டா.

ஒரு நாளு கட்டுப் பிரிச்சு வெச்சுட்டு, பேப்பர விரிச்சுக் கால அது மேல வெக்கச் சொன்னா. பேனா எடுத்துக் காலச் சுத்திக் கோடு போட்டா. வெரலு இல்லாத எடத்துல வந்ததும் கை நின்னுருச்சு. அப்பறம் போட்டு முடிச்சா. என்ன கண்ணு வெளையாட்டுன்னேன். ஒண்ணுமில்லைன்னா.

அப்பறம் ஒரு கேள்வி கேட்டாளுங்க. கீழ உக்காந்து கட்டுப் போட்டுட்டே, நிமிந்து கூடப் பாக்காமக் கேட்டா. "அம்மா, நான் செத்துப் போயிட்டா நீ செருப்புப் போட்டுக்குவியா?"

அப்பக்கூட அவ மேல கை வெக்கலீங்க. என்ற கன்னத்துலயே போட்டுக்கிட்டேன், ரெண்டு கையாலயும், அவ கண்ணு முன்னாலயே. இந்த வார்த்தைய இந்தப் புள்ளை வாயில வர வெச்ச பாவி நாந்தானேன்னு போட்டுக்கிட்டேன். அவ என்ற கையப் புடிக்கலீங்க. பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா. முன்னயெல்லாம் ஓடியாந்து புடிச்சுக்குவா.

பரீட்சை முடிஞ்சதும் அத்தை ஊட்டுக்குப் போயிட்டு வர்றேன்னு போனா. வரல. அங்கயே ஸ்கூல் மாத்திக்கிட்டா.

எங்க நங்கையாவப் பத்தி நான் தப்பாச் சொல்லக் கூடாது. ஆனா அவிங்க வாயி இருக்குதே, காரச் சட்டினி. மூச்சுக்கு முந்நூறு திட்டுத் திட்டுவாங்க. கனி அங்கெ ஒரு பரீட்சையில பெயிலாயிட்டாளாம், தோசைக் கரண்டிய எடுத்து முதுகுல ஒண்ணு போட்டாங்களாம். நான் பொத்திப் பொத்தி வளத்த புள்ளைய. எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு. அத என்ற பொண்ணு எப்படிச் சொல்றாங்கறீங்க? சிரிச்சுக்கிட்டே சொல்றா. "அத்தை அடிச்சாங்கம்மா, அப்பறம் அந்தக் கரண்டியிலயே தோசை சுட்டுப் போட்டாங்க. அத்தோட முடிஞ்சு போச்சும்மா"ங்கறா. முடிஞ்சு போச்சாம். அவ பெயிலானதுக்கு இங்கெ நான் மூணு மாசமாப் பகல்ல சோறு திங்கறதில்ல, எனக்கு இன்னும் முடியலையே. அத அவகிட்டச் சொன்னேன். ஏண்டா சொன்னோம்னு ஆயிருச்சு. சிரிச்சிட்டிருந்த மூஞ்சி அப்படியே செத்துப் போச்சு.

அங்கெ போயி ஒடம்பு போட்டுட்டா. பாட்டுப் பாடறாளாம். எங்கூட்டுல ஒரு நாளு பாடினதில்லீங்க.

போன வாரம் அமாவாசைக்குப் போயிருந்தேன். உள்ளார போயி இந்தக் கவரக் கொண்டாந்து குடுத்தா. பிரிச்சுப் பாத்தா செருப்பு. சக்கரைக்காரங்களுக்குன்னே தெக்கற செருப்புங்க, எம்.சி.ஆர். செருப்பும்பாங்க, உள்ளங்காலு பட்டா மெத்து மெத்துன்னு இருக்கும். கடையில தொங்கறது இல்ல. அன்னைக்குப் பேப்பர்ல கோடு போட்டாளே, அத வெச்சு அளவு குடுத்துத் தெக்கச் சொல்லியிருக்கறா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம.

என்ற கைய எடுத்து அவ கையில வெச்சுக்கிட்டா. எத்தனை நாளாச்சு தெரியுங்களா அவ என்ற கையத் தொட்டு. "அம்மா, இத ஊட்டு வாசல்லயே போட்டுக்கிட்டுக் கெளம்பி வா. அடுத்த ஞாயித்துக்கெழமை. நான் பையக் கட்டி வெச்சுட்டு உக்காந்திருக்கறேன். உன்கூடவே வந்தர்றேன். அங்கயே படிச்சுக்கறேன். எல்லாத்தையும் உங்கிட்டச் சொல்றேம்மா. இது ஒண்ணு மட்டும் பண்ணு"ன்னா.

நங்கையா கூட அன்னைக்குத் திட்டல. "துளசி, புள்ளை கேக்கறா. போட்டுக்க"ன்னாங்க.

போடறேன் கண்ணுன்னு வாய் வரைக்கும் வந்துருச்சுங்க. ஆனா அது ஆத்தாளுக்கு விட்டது. அவகிட்டக் கேக்காம எப்படிப் போடறது? "ஆத்தாகிட்டப் பூ கேட்டுட்டு வர்றேன்"னேன். கனி ஒரு நிமிசம் என்னையப் பாத்துட்டு, சரின்னா. "ஆத்தா குடுத்துருவாம்மா. அவளும் அம்மாதானே"ன்னா.

பூ கேக்கறது உங்க பக்கமும் இருக்குமே. வெள்ளப் பூ ஒரு பொட்டணம், செவப்புப் பூ ஒரு பொட்டணம். ரெண்டையும் ஒரே மாதிரி எலையில மடிச்சு ஆத்தா காலடியில போட்டுருவாங்க. மனசுல நெனச்சதச் சொல்லிட்டு ஒண்ணை எடுக்கோணும். வெள்ளை வந்தா சரி. செவப்பு வந்தா வேண்டாம். எங்கூருல பொண்ணு பாக்கறதுல இருந்து கெணறு வெட்டறது வரைக்கும் அப்படித்தான்.

போன வெள்ளிக்கெழமை போயிக் கேட்டேன். பூசாரி எடுத்துக் குடுத்தாரு. பிரிச்சேன். வெள்ளை.

பூசாரிக்கு ஒரே சந்தோசம். "ஆத்தா குடுத்துட்டா, போங்கக்கா, போயிச் செருப்பப் போடுங்க"ன்னாரு. எனக்கு என்னமோ திருப்தியாகல. நான் கேக்கற நேரம் பாத்து யாரோ மணி அடிச்சாங்க. ஆத்தா காதுல சரியா விழுந்திருக்குமான்னு ஒரு இது. மறுபடி கேட்டேன். மறுபடியும் வெள்ளை. இப்போ வேற ரோசனை வந்துருச்சு. நான் அழுதுட்டே கேட்டனா, ஆத்தா மனசு எளகிக் குடுத்துட்டாளோ? எனக்கு எரக்கப்பட்டு அவ குடுத்தத நான் வாங்கிக்கிட்டுச் சொகமா நடக்க, நாளைக்கு என்ற புள்ளைக்கு ஒண்ணு ஆயிப் போச்சுன்னா? நீ எங்க போயிருந்தேன்னு கேட்டா, நான் மெத்துச் செருப்புப் போட்டுட்டு நடந்துட்டிருந்தேன்னா சொல்றது?

மறுபடி மடிச்சுப் போடுங்கன்னேன். பூசாரிக்குக் கோவமே வந்துருச்சு. "ஏனுங்கக்கா, ஆத்தா ரெண்டு தடவ தலையாட்டிட்டா. இன்னும் அவள என்னதான் பண்ணச் சொல்றீங்க?"ன்னாரு. போடுங்கன்னேன். போட்டாரு. நானே எடுத்தேன்.

செவப்பு.

அப்பத்தானுங்க எனக்கு மூச்சு வந்துச்சு. பாத்தீங்களா, எனக்குத் தெரியும். பெத்தவளுக்குத் தெரியாதுங்களா?

இன்னைக்கு வெடியால இந்தக் கவர எடுத்துக்கிட்டுக் கெளம்பினேன். நேர்ல சொன்னாப் புரிஞ்சுக்குவான்னுதான். நான் போகும்போது வாசல்ல நிக்கறாளுங்க. தலை பின்னி, பூ வெச்சு, பக்கத்துல பை. பை மேல புத்தகக் கட்டு. என்ற மூஞ்சியப் பாக்கலீங்க. தெரு முக்குல நான் திரும்பினதுல இருந்து என்ற காலத்தான் பாத்துட்டு நின்னா.

கிட்டப் போனதும், "ஆத்தா குடுக்கலையா?"ன்னா. செவப்பு வந்துருச்சு கண்ணுன்னேன். "எத்தனை தடவ கேட்டே?"ன்னா.

என்ற புள்ளைகிட்ட நான் பொய் சொன்னதில்லீங்க. மூணு தடவைன்னேன். மொத ரெண்டும் என்ன வந்துச்சுன்னு கேட்டா. அதையும் சொன்னேன்.

அழுவான்னு நெனச்சேன். அழுதா நல்லா இருந்திருக்கும், நானும் கூட அழுதிருப்பேன். அவ பாட்டுக்கு உள்ளார போயி வெந்நி கொண்டாந்தா. என்னையப் படியில உக்கார வெச்சு, கட்டுப் பிரிச்சுக் கழுவி, புதுக் கட்டுப் போட்டா. இதுதான் அது, பாருங்க, எத்தனை நேர்த்தியாக் கட்டியிருக்கறான்னு. அப்பறம் எந்திரிச்சுப் பைய எடுத்துட்டு உள்ளார போயிட்டா. புத்தகத்தையெல்லாம் பழைய எடத்துல அடுக்கற சத்தம் கேட்டுச்சு.

மத்தியானம் எலை போட்டாங்க. எனக்குத்தான் பகல்ல சோறு கெடையாதே. சும்மா பக்கத்துல உக்காந்தேன். முன்னயெல்லாம் நான் பட்டினியா இருந்தா அவளுக்கு எறங்காதுங்க, ரெண்டு வாய் தின்னுட்டு எந்திரிச்சிருவா. இன்னைக்கு என்ற எதுருல உக்காந்து, கொழம்பு ரெண்டாந்தரம் வாங்கி, ரசம், மோரு எல்லாம் ஊத்திச் சாப்பிட்டா. நெதானமா. என்னைய நிமிந்து கூடப் பாக்கல. பெத்தவ பட்டினி கெடக்கறா, ஒரு புள்ளைக்கு அப்படி எறங்குமாங்க? நங்கையா கண்ணத் தொடச்சுக்கிட்டுப் பரிமாறினாங்க. அவிங்க எதுக்கு அழுதாங்கன்னுதான் எனக்குப் புரியல.

கெளம்பும்போது வாசல் வரைக்கும் வந்தா. "போயிட்டு வா"ன்னு சொல்லல. "பாத்துப் போம்மா"ன்னா. அப்பறம், "இனி எனக்கு ஒண்ணும் கணக்கு வெக்காத. வெச்சாலும் எங்கிட்டச் சொல்லாத. நான் கேக்க மாட்டேன்"னா. பெரிய மனுசி மாதிரி. செருப்பத் திருப்பி வாங்கிக்கறயான்னு கேட்டேன். "அது உன்ற காலு, உன்ற அளவு. நான் என்ன பண்றது?"ன்னுட்டுக் கதவச் சாத்திக்கிட்டா.

கோவத்துல பேசறா. சின்னப் புள்ளைதானே. நானும் பஸ்ஸேறினதும் ஒண்ணு முடிவு பண்ணிட்டேனுங்க. அவ மனசு திரும்பற வரைக்கும் ராத்திரிச் சோத்தையும் விட்டுறலாம்னு. ஒரு வாழப்பழம் போதும். சக்கரைக்கு அதுவும் ஆகாதும்பாங்க, பாக்கலாம். அவகிட்டச் சொல்ல மாட்டேன், அவதான் சொல்லாதேன்னாளே. ஆனா நங்கையா போன் பண்ணினா சொல்லித்தானே ஆகோணும்.

சித்தோடு தாண்டிட்டோமாட்டத் தெரியுது. நீங்க எங்கெ எறங்கறீங்க? அப்படீங்களா. உங்களுக்கு எத்தனை கொழந்தைங்க? பொண்ணா. ஒம்பதாவதா. பேசுதுங்களா உங்ககூட? நல்லாப் பேசுதா. நல்லது, நல்லது. பேர மட்டும் சொல்லுங்க, நான் வேண்டிக்கறேன். எனக்கொண்ணும் செரமமில்லீங்க.

பேரு வேண்டாமா. சரி, உடுங்க.

ஆனா இத நீங்க மாட்டேன்னு சொல்லக் கூடாது. கால இப்படி நீட்டுங்க பாக்கலாம். அட, நீட்டுங்க. உங்களுக்கும் என்ற அளவுதான் இருக்கும். இத ஊட்டுல வெச்சிருந்தா என்னைக்காச்சும் ஒரு நாளு மனசு கெட்டுப் போட்டாலும் போட்டுருவேன். ஆகாதுங்க. அந்த ஊக்க மாட்டிக்கிட்டு நீங்க எத்தனை தூரம் நடப்பீங்க? இது நல்ல செருப்பு, என்ற பொண்ணு பாத்துப் பாத்துத் தெக்கச் சொன்னது. வலது காலு அப்படியே சரியா இருக்கும். இடது கால்ல மட்டும் சுண்டுவெரல் பக்கம் உள்ளார ஒரு பஞ்சு வெச்சுத் தெச்சிருக்குது, எனக்கு அந்த வெரல் இல்லீங்களா, காலு நழுவக் கூடாதுன்னு. அத மட்டும் பிச்சு எடுத்துட்டீங்கன்னா உங்களுக்குச் சரியாப் போயிருமுங்க.